துருவும் வர்ணமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் ஒரு சொற்பொழிவு ஆற்ற வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, இலக்கியத்தைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் பேசுவதற்கு என்னினும் தக்கவர்கள் இக்காலனியில் பலர் இருக்கின்றனரே என்றேன். "உமக்குத் தெரிந்த பொருளைப் பற்றிப் பேசும், அது போதும்" என்று கூறிவிட்டார். மெட்ரிகுலேஷனோடு கல்வியை முடித்துக்கொண்டு, இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கரக்பூர்ப் பணிமனையின் பண்டகசாலையில் பேரேடு எழுதிவருகின்ற எனக்குத் தெரிந்த பொருள் யாது? வர்ண டப்பாக்கள், தின்னர், உப்புத்தாள், அவற்றை வாங்க வருகின்ற தொழிலாளர் சன்னலருகே நின்று பேசுகின்ற பேச்சு, இவைதாம். ஆகவே ஒரு பழைய மோட்டார் வண்டியைத் துரு நீக்கி, அடிப்பூச்சுப் பூசி, வர்ணம் தீட்டிப் புதுப்பிப்பது எங்ஙனம் என்பதையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன். சுவையில்லாத பொருள் என்று எண்ணிவிட வேண்டா. இதில் பணமும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது.

முதலில் துரு என்பது யாது என்று காண்போம். தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தோசைக்கல்லைக் கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் காலையில் செம்மை படர்ந்திருக்கும். எண்ணெய் தடவி வைத்தால் படராது. அரிவாள்மணைக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பதும் இதற்கே. இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் துரு உண்டாகும். மூன்றில் ஒன்றை விலக்கினால் உண்டாகாது. எண்ணெயும் வர்ணமும் செய்கின்ற வேலை இரும்புக்கும் நீருக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்புவதேயாகும். உப்புச் சேர்ந்தால் வினை விரையும். துருப்பிடித்தல் ஒரு சிறு மின்கலத்தின் வேலையைப் போன்றது. இரும்பின் ஓரிடம் கரைய, அங்கிருந்து மற்றோர் இடத்துக்கு மின்னோட்டம் செல்கிறது. உப்பு நீர் அவ்வோட்டத்துக்கு நல்ல பாதை போட்டுக் கொடுக்கிறது.

அலுமினியத்தின் மீதும் காற்றுப் பட்டு ஒரு படலம் உண்டாகிறது. ஆனால் அது இறுகப் பற்றிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கிறது. இரும்பின் துருவோ பொலபொலவென்று உதிர்வது. தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, மேலே உள்ள வர்ணத்தைக் கீழிருந்து தள்ளிக் கொப்புளமாக எழுப்பிவிடும். ஆதலின் வண்டியின் மேல் மிளகளவு கொப்புளம் கண்டால், அடியில் ரூபாய் நாணயத்தளவு இரும்பு போய்விட்டது என்று கணக்கிடுவதே அறிவுடைமை.

நமக்கு அண்மையிலுள்ள ஹௌரா பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1943-இல் திறக்கப்பட்டது, 26,500 டன் எஃகு கொண்டது. கங்கைப் பெருக்கும் கடற்காற்றும் செய்யாத கேட்டை அதற்கு நடைபாதையில் செல்வோரின் வெற்றிலை எச்சில் செய்தது. பாலத்தைத் தாங்கும் தொங்கு கம்பங்களின் அடியிலுள்ள எஃகு உறை, 2007-க்குப் பின்னர்ச் சில ஆண்டுகளிலேயே 6 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்துவிட்டதாகக் கண்டனர். சுண்ணாம்பும் புகையிலையும் பாக்கும் கலந்த எச்சில் அவ்வளவு பொல்லாதது. பின்னர் அவ்வடிப்பாகங்களுக்குக் கண்ணாடி நார்க் கவசம் இட்டார்கள். பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இராமேசுவரம் சென்று வராத குடும்பம் இங்கில்லை. உப்புக்காற்று அரித்ததால் 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் செல்வது நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதுப்பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் என்னும் உயர்தரப் பூச்சுப் பூசியிருக்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் மாறாக, ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக மழையையும் வெயிலையும் தாங்கிய ஓர் இரும்புத் தூண் தில்லியில் குதுப் மினார் அருகே நிற்கிறது. அதற்கு வர்ணம் இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த பாலசுப்பிரமணியம் அவர்கள் அதனை ஆராய்ந்து காரணம் கூறினார். அவ்விரும்பில் இந்நாளைய எஃகில் இருப்பதைவிடப் பன்மடங்கு பாஸ்பரஸ் உள்ளது. அதனால் மேற்பரப்பில் ஒரு மெல்லிய பாஸ்பேட் படலம் தோன்றி, மேலும் துரு ஏறாமல் தடுக்கிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்பேட் என்னும் இச்சொல் நம் மோட்டார் வண்டியிலும் வரப்போகிறது.

இனி வண்டிக்கு வருவோம். அமெரிக்காவில் 1960-களில் பெரிய எஞ்சினைச் சிறிய உடலில் பொருத்திய வேகமான கார்கள் வெளிவந்தன. 1964-இன் பான்டியாக் ஜி.டி.ஓ. அவ்வகையில் பெயர் பெற்றது. அதே ஆண்டில் ஃபோர்டு மஸ்டாங்கும் வந்தது. 'மஸ்ல் கார்' என்று வழங்கும் இவ்வண்டிகளை வாங்கி, ஆணி முதல் அச்சு வரை பிரித்துப் புதுப்பிப்போர் அந்நாட்டில் பலர். அங்கு வட மாநிலங்களில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். வண்டியின் அடிப்பாகத்தை அது தின்றுவிடும். பழைய மஸ்டாங்கில் முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் ஓர் அறை உண்டு. மழைநீரும் இலைச்சருகும் அதில் தங்கி, உள்ளிருந்தே துளைத்து, ஓட்டுபவரின் காலடியில் ஒழுகும். வெளியே எவ்வளவு பளபளப்பாக இருப்பினும் பயனில்லை. இந்த மஸ்டாங்குக்கும் நம் அம்பாசடருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. லாரியைப் போலத் தனியே ஒரு சட்டமும், அதன்மேல் தூக்கி வைத்த உடலும் இவற்றுக்கு இல்லை. வளைத்துப் பற்றவைத்த தகடே எலும்பு, தகடே தோல்.

அம்பாசடர் 1950-களின் இறுதியில் ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தர்பாராவில் உருவாகத் தொடங்கியது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரே அதற்கு மூலம். 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. அதன் கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை, பெட்டி போன்று மூடிய ஒரு தகட்டுக் குழல் இருபுறமும் ஓடுகிறது. ஏறும்போது நாம் கால் பட்டுத் தாண்டுவது அதைத்தான். வண்டியின் முதுகெலும்பு அதுவே. மழையில் கதவுக் கண்ணாடி வழியே இறங்கும் நீர் கதவின் அடியிலுள்ள துவாரம் வழியே வெளியேற வேண்டும். குழலுக்குள் புகும் நீருக்கும் அவ்வாறே துவாரங்கள் உண்டு. அத்துவாரங்கள் சேற்றாலோ, எவரேனும் அன்போடு பூசிய தாராலோ அடைபட்டால், நீர் உள்ளேயே தங்கும். பணிமனையில் நாம் பழகிய பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளிலும் இதே கதைதான். பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய தொழிற்சாலையின் அப்பெட்டிகளில், கழிப்பறைக்கு அடியிலும் வாசலுக்கு அடியிலுமுள்ள தளத் தகடே முதலில் போகும். பக்கச் சுவர் புதிதுபோல் நிற்கும். நீர் எங்கே தங்குகிறதோ, கண் எங்கே செல்லாதோ, அங்கேதான் வண்டியின் ஆயுள் முடிவாகிறது.

இதை ஏட்டளவில் சொல்லாமல், நம் காலனியிலேயே நிகழ்ந்ததைக் கொண்டு கூறுகிறேன். 'டிரைவர் மாமா' என்று நாம் எல்லோரும் அழைத்த பெரியவரின் 1974-ஆம் ஆண்டு மார்க் 2 அம்பாசடரை அறியாதவர் இங்கு இல்லை. இரண்டாம் கையாக வாங்கியது. மணப்பெண்ணை மண்டபத்துக்கும், பிரசவ வலி கண்டவரை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கும் அழைத்துச் சென்ற வண்டி அது. மாமா மறைந்தபின் ஆறு ஆண்டுகள் வேப்ப மரத்தடியில் கிடந்தது. பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் மாமி. பள்ளி ஆசிரியையாக இருக்கும் மகள், நமக்கெல்லாம் அக்கா, வேண்டாம் என்றார். என்னை அழைத்து, "வர்ணக் கணக்கு எழுதுகிறவன் நீதானே, கூட வா" என்றார்; சென்றேன்.

முதலில் பார்த்த பட்டறைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பத்தே நாளில் கண்ணாடி போல் செய்து தருகிறேன் என்றார். தொகையும் குறைவு. இரண்டாமவர் வயது முதிர்ந்த ஒரு வங்காள மிஸ்திரி. அவர் வர்ணத்தைப் பார்க்கவேயில்லை. சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்துத் தகட்டின் மேல் ஓட்டினார். இரும்பு உள்ள இடத்தில் காந்தம் பற்றியது. பட்டி அப்பியிருந்த இடத்தில் வழுக்கிக் கீழே விழுந்தது. பிறகு மண்டியிட்டு, கதவடிக் குழலைக் குத்தூசியால் குத்தினார். ஊசி பிடி வரை உள்ளே போயிற்று. முன்பொரு காலத்தில் யாரோ துவாரத்துக்குள் செய்தித்தாளைத் திணித்து, மேலே பட்டி பூசி, வர்ணம் அடித்திருக்கிறார்கள். வெளியே இழுத்த தாளில் ஒரு கால்பந்தாட்டச் செய்தி வங்காளத்தில் நன்றாகவே படிக்க முடிந்தது. மிஸ்திரியும் நின்று படித்தார்.

"வர்ணம் அடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குழியில் விழுந்தால் வண்டி நடுவில் மடியும். மோதினால் கதவு உள்ளே வந்துவிடும்" என்றார் அவர். அவர் கேட்ட தொகை முதலாமவர் கேட்டதைப் போல் மும்மடங்கு, காலம் ஓராண்டு. அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தார். மாமி, "அப்பா வண்டி பளபளவென்று வாசலில் நின்றால் போதாதா? யார் தினமும் ஓட்டப்போகிறார்கள்?" என்றார். நியாயமான வாதந்தான். 2021-இல் வந்த விதிப்படி ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்யலாம். ஆனால் அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. அக்கா சொன்ன மறுமொழி இது: "ஆண்டுக்கு ஒரு நாள் ஓட்டினாலும், அன்று உள்ளே உட்காரப் போவது நீயும் என் பிள்ளைகளும் அல்லவா அம்மா?" அத்துடன் பேச்சு முடிந்தது.

இனி வேலை நடந்த முறையைக் கூறுகிறேன். இளைஞர்கள் செவி சாய்க்க வேண்டும்.

முதல் வேலை உரித்தல். பழைய வர்ணத்தை மருந்திட்டுக் கழற்றலாம், உப்புத்தாளால் தேய்க்கலாம், மணலை வேகமாகப் பீய்ச்சியும் அகற்றலாம். பானெட், கூரை போன்ற அகன்ற தகடுகளுக்கு மணல் பீய்ச்சுதல் ஆகாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே பருமனுள்ள தகடு அடியின் வேகத்தால் நெளிந்துவிடும். அந்நெளிவை நிமிர்த்த எந்தக் கொம்பனாலும் முடியாது. தடித்த அடிப்பாகங்களுக்கே அது ஏற்றது. அங்கும் ஆற்று மணலைப் பயன்படுத்தினால் அதன் பளிங்குத் தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயை உண்டாக்கும். மற்றொன்று: பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் தொண்ணூறு பங்குக்கு மேற்படக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய வர்ணத்தை உலர்ந்தபடி தேய்த்துப் புழுதி கிளப்புவதும், அவ்விடத்தில் குழந்தைகளை விளையாட விடுவதும் தகா. நம் மிஸ்திரி தண்ணீர் விட்டே தேய்க்கச் செய்தார். கழுவிய சேற்றைச் சாக்கில் கட்டித் தனியே வைத்தார்.

உரித்தபின் அறுவை. துருத் தின்ற குழலை அறுத்தெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். அறுப்பதற்கு முன் கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டங்களைப் பற்றவைத்து வண்டியைக் கட்டி நிறுத்தினார்கள். இல்லையேல் முதுகெலும்பு இழந்த உடல் சிறிது தொய்ந்து, பின்னர் ஆயுளுக்கும் கதவு சாத்தாது. பெட்ரோல் தொட்டியைக் கழற்றி அப்புறப்படுத்திய பிறகே பற்றவைப்பு. அறுத்த குழலை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். உட்புறத்தில் வர்ணத்தின் சுவடே இல்லை. புற அழகுக்கு எத்தனை பூச்சுப் பூசியிருந்தார்களோ, அத்தனையும் வெளியில்தான்.

முழுதும் அறுத்தெடுக்க வேண்டாத இடங்களில் துருவின் குழிகள் இருந்தன. அவற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் தடவினார்கள். துரு கரைந்து, சாம்பல் நிறமான ஒரு பாஸ்பேட் படலம் எஞ்சுகிறது. தில்லித் தூண் நூற்றாண்டுகளாகத் தானே செய்துகொண்டதை நாம் அரைமணியில் செய்ய முயல்கிறோம் என்று கொள்ளலாம். தூணின் ஆயுளை எதிர்பார்க்க வேண்டா. துருமாற்றி என்று கடையில் விற்கும் கறுப்புத் திரவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். கடுக்காயின் துவர்ப்பும் அவ்வினத்ததே. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி மை செய்தார்கள் அல்லவா? அன்னபேதி இரும்பின் உப்பு. கடுக்காய் நீர் இரும்பைத் தொட்டால் கறுக்கும். துருமாற்றி துருவைக் கறுப்பாக்குவதும் அதே வினைதான். ஆனால் அது தொட்ட துருவை மட்டுமே மாற்றும். தடித்த செதிலுக்கு அடியில் உள்ளதை ஒன்றும் செய்யாது. தடவிவிட்டோம், தீர்ந்தது என்று எண்ணுபவர் ஏமாறுவர்.

அமிலம் இட்ட இடத்தை நன்கு கழுவி உலர்த்த வேண்டும். எச்சம் இருந்தால் அடுத்து வரும் பூச்சு இறுகாது, பற்றாது. அதன்பின் வெறும் தகட்டைக் கையால் தொடலாகாது. நம் கையின் வியர்வையில் உப்பு இருக்கிறது; இன்று வைத்த விரல் நாளை துருவாக எழுந்து ரேகை காட்டும். எண்ணெய்ப் பசை நீக்கும் திரவத்தை ஒரு துணியால் தடவி, உலருமுன் மற்றொரு சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியதாகவே முடியும்.

அடுத்ததே வேலையின் உயிர்: அடிப்பூச்சு. நம் வீட்டு இரும்புக் கதவுக்கும் பணிமனையின் பெட்டிகளுக்கும் ரெட் ஆக்ஸைடு அடிப்பூச்சு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. அதற்கு முன் ஈயச் செந்தூரம் இருந்தது. இரண்டும் குறைகூறத் தக்கவையல்ல. எனினும் ஈயமும் குரோமேட்டும் உடலுக்குக் கேடானவை, அன்றியும் பழைய எண்ணெய்ப் பூச்சுகளின்மேல் இக்காலத்துக் கார் வர்ணத்தின் கடுந் தின்னர் பட்டால் சுருங்கி எழும். ஆதலின் இப்போது எபாக்ஸி பூசுகிறார்கள். இது இரண்டு டப்பாவில் வரும். பிசினும் இறுக்கியும் சொன்ன அளவில் கலக்க வேண்டும். கண் அளவு ஆகாது. கலந்தபின் சிலவற்றைக் கால் மணியோ அரை மணியோ காத்திருந்து பூச வேண்டும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்காத பெயிண்டர்தான் "கம்பெனி சரக்கு சரியில்லை" என்று பண்டகசாலைக்குத் திருப்பி அனுப்புகிறவர். எபாக்ஸி இறுகியபின் நீரை எளிதில் உள்ளே விடாது. வெறுந் தகட்டைப் பற்றிக்கொள்வதிலும் அதற்கு இணை அரிது. தகடுகள் கூடும் இடுக்குகளுக்கு அதன்மேலேயே இணைப்பு மெழுகு இட்டு அடைத்தார்கள்.

பட்டி பார்ப்பதில் பெரும்பாலோர் செய்யும் முறை வேறு. வெறுந் தகட்டின்மேல் நேரே பட்டியை அப்புகிறார்கள். பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினோடு மாக்கல் பொடி கலந்தது. ஈரத்தை உறிஞ்சக் கூடியது. அடியில் எபாக்ஸி இருந்தால் உறிஞ்சிய ஈரம் தகட்டைத் தொடாது. எனவே முதலில் எபாக்ஸி, அதன்மேல் பட்டி. அதுவும் 3 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. பள்ளத்தைச் சுத்தியால் தட்டி நிமிர்த்திய பிறகு மிச்சமுள்ள சிறு குறைக்கே பட்டி. சுத்தி பிடிக்கத் தெரியாதவனுக்குப் பட்டி டப்பா பெரிதாக வேண்டியிருக்கும் என்பார் மிஸ்திரி.

அதன்மேல் நிரப்புப் பூச்சு. இதன் பணி உப்புத்தாளுக்கு இடம் கொடுத்து மேற்பரப்பைச் சமன் செய்வது. தேய்க்குமுன் கறுப்பு வர்ணத்தை மிக மெல்லிய தூறலாகத் தெளித்துவிடுகிறார்கள். மரக்கட்டையில் சுற்றிய தாளால் தேய்க்கும்போது மேட்டில் கறுப்பு அழியும், பள்ளத்தில் தங்கும்; குறை தானே தன்னைக் காட்டிக்கொள்ளும். இந்தப் பூச்சு நீரை உட்கொள்வது. இதோடு வண்டியை மாதக்கணக்கில் வெளியே நிறுத்துவது, வெறுந் தகட்டோடு நிறுத்துவதைவிட அதிகம் மேலன்று. "பிரைமர் அடித்தாகிவிட்டது, வர்ணத்தை அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று வாசலில் நிறுத்தியிருக்கும் வண்டிகளை நீங்கள் எல்லா ஊரிலும் காணலாம்.

இனி வர்ணம். ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அக்காலத்து எண்ணெய் வர்ணங்கள் உலர நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் ஆகும். 1920-களில் டூபான்ட் நிறுவனம் 'டூக்கோ' என்னும் செல்லுலோஸ் வர்ணத்தை வெளியிட்டபின் அந்நிலை மாறிற்று. இன்றும் நம் நாட்டுப் பட்டறைகளில் கார் வர்ணம் எதுவாயினும் அதற்கு டூக்கோ என்றே பெயர். மாமாவின் வண்டிக்கு எந்நிறம் என்பதில் வீட்டில் ஒரு மாதம் வழக்கு நடந்தது. பேரன் சிவப்பு என்றான். டிக்கி மூடியின் உட்புறத்தை மெல்லச் சுரண்டியபோது மூன்று நிறங்களுக்கு அடியில் ஒரு வெளிறிய நீலம் தெரிந்தது. மாமி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அந்நீலமே முடிவாயிற்று.

இவ்வூரின் பருவநிலை வர்ணக்காரனுக்குப் பகை. காற்றில் ஈரம் நூற்றுக்கு எண்பத்தைந்தைத் தாண்டினால் பூசலாகாது. தகட்டின் வெப்பம் பனி படியும் நிலையைவிட 3 டிகிரியேனும் மேலே இருக்க வேண்டும். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிய, செல்லுலோஸ் வர்ணம் பால் பூத்ததுபோல் வெளுக்கும். ஆதலின் ஆடி, ஆவணியில் மிஸ்திரி துப்பாக்கியைத் தொடவில்லை. எபாக்ஸியோடு வண்டியைக் கொட்டகைக்குள் மூடி வைத்தார். கார்த்திகை பிறந்து காற்று வறண்ட பின், அதுவும் நண்பகலில் மட்டும், வர்ணம் தீட்டினார்கள். இரவின் குளிரில் இப்பூச்சுகள் சரியாக இறுகா.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். இக்காலத்துப் பாலியூரித்தேன் வர்ணத்தின் இறுக்கியில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. தெளிக்கும்போது மூச்சில் புகுந்தால் ஆஸ்துமா உண்டாகும். ஒரு முறை உடல் அதை வெறுக்கத் தொடங்கிவிட்டால் பிறகு அணுவளவு பட்டாலும் மூச்சு முட்டும். தீங்கு செய்யும் அளவிலும் அதன் வாடை மூக்குக்குத் தெரியாது. கரி வடிகட்டி வைத்த முகமூடி எப்போது தீர்ந்துபோயிற்று என்றும் தெரியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே கொண்டுவரும் முகமூடியே தக்கது. ஆனால் நம் ஊர்ப் பட்டறைகளில் நாம் காண்பது யாது? பதினெட்டு வயதுப் பையன், வாயில் கைக்குட்டை, கையில் துப்பாக்கி. நம் மிஸ்திரி இருபது ஆண்டுகள் அவ்வாறே தெளித்தவர். இப்போது மாடிப்படி ஏறினால் நின்று நின்றுதான் ஏறுவார். துப்பாக்கியைச் சீடனிடம் கொடுத்துவிட்டார். அச்சீடனும் கைக்குட்டையோடு நின்றதைக் கண்டு, அக்கா வேலையை நிறுத்தச் சொன்னார். குழாய் முகமூடி கல்கத்தாவிலிருந்து வரும் வரை மூன்று வாரம் வேலை நின்றது. அதன் விலையும் கணக்கில் ஏறியது. பட்டறையில் சிலர் நகைத்தனர். இப்போது அம்முகமூடி அங்கேதான் இருக்கிறது. அக்கா திரும்பக் கேட்கவில்லை. சீடன் அணிகிறான். மற்றப் பட்டறைகளில் வண்டி விடும் நம் அன்பர்கள், பேரம் பேசும்போது இதையும் ஒரு வார்த்தை கேட்கலாம். நம் காலனிப் பையன்களிலும் சிலர் இத்தொழிலுக்குத்தான் போகிறார்கள்.

வர்ணம் முடிந்தால் எல்லோரும் வேலை முடிந்தது என்பர். முடியவில்லை. பற்றவைக்கும்போது குழலின் உட்புறத்தில் பூசிய துத்தநாகப் பூச்சும் அவ்விடத்தில் வெந்து போயிருக்கும். எனவே கடைசியாக, நாலாபுறமும் தெளிக்கும் முனையுள்ள நீண்ட மெல்லிய குழாயைத் துவாரத்தின் வழியே விட்டு, உள்ளே மெழுகு தெளிக்கிறார்கள். அது இளகியே இருந்து, இடுக்குகளில் தானே ஊர்ந்து படரும், நீரை விலக்கும். அரிவாள்மணைக்கு நீங்கள் தொட்டு வைக்கும் எண்ணெயின் மூத்த சகோதரன் என்று சொல்லலாம். அடியில் தார் பூசுவது இதற்கு ஈடாகாது. தார் நாளடைவில் காய்ந்து வெடிக்கும்; வெடிப்பில் நீர் புகுந்து, வெளியே தெரியாமல் தங்கிவிடும். மெழுகைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் கதவடித் துவாரங்களில் ஒரு மெல்லிய கம்பியை விட்டுச் சேற்றை எடுக்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. உங்கள் மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் இது பொருந்தும்.

வண்டி இன்று மண்டபத்தின் கீழ்ப்புறத்தில் நிற்கிறது. கூட்டம் முடிந்ததும் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். மாமி அங்கேயே இருப்பார். வர்ணத்தைத் தொட்டுப் பார்க்கத் தடையில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார். கதவைத் திறந்து அடியில் குனிந்து பார்த்தால் மூன்று துவாரங்கள் தெரியும். குழந்தைகள் அவற்றில் சூயிங்கம்மை ஒட்டிவிடாதவாறு பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.